இடது முன் சக்கரம்

கொழுந்தன் அளவு டேப்பை மூன்றாவது தடவையாக இழுத்து, சுவருக்கும் ஜீப்புக்கும் நடுவில் வைத்துப் பார்த்தார். முதல் இரண்டு தடவை வந்த அளவுதான் வந்திருக்க வேண்டும். டேப் சர்ரென்று உள்ளே சுருண்டுகொண்டது.

"நாப்பத்தெட்டு சென்டிமீட்டர், அண்ணி. பெட்டி மட்டும் அறுபது. சாய்ச்சுக் கொண்டு போகலாம்னா, சாய்க்கிற சாமானா அது?"

அவள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். பதில் எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி இல்லை அது.

ஒன்பது வருடமாக வீட்டு முகப்பை அந்த ஜீப்தான் அடைத்துக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நுழையப் பழகியிருந்தார்கள். அதற்கு உடம்பு இடம் கொடுக்காதவர்கள் சமையலறைப் பக்கமாக வருவார்கள். அங்கே தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஒரு திருப்பம், ஆள் வரலாம், பீரோ வராது. பெட்டியும் வராது. அதையும் கொழுந்தன் காலையிலேயே அளந்து பார்த்துவிட்டார். பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். துக்கம் வந்தாலும் அதற்கு ஒரு கால அட்டவணை போடாமல் அவரால் இருக்க முடியாது.

"மூணு மணிக்கு ஆஸ்பத்திரியிலேருந்து வண்டி கிளம்பிடும். இப்ப மணி பதினொன்றரை. ஆளுங்க பத்துப் பேரைப் பிடிச்சு, கயித்தைக் கட்டி, மெதுவா ரோட்டுல இறக்கிடலாம்னு கண்டக்டர் சொல்றாரு."

கண்டக்டர் என்பவர் பக்கத்து வீட்டுக்காரர். பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக் கிழித்து, வீட்டிலும் யாராவது வாசலைத் தாண்டினால் 'போலாம், ரைட்' என்று சொல்லிவிடுகிறவர். அவர் ஜீப்பின் முன்னால் குனிந்து, சக்கரமில்லாத வண்டியை எங்கே பிடிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு சக்கரங்களும் சுவரோரம் அடுக்கியிருந்தன. வண்டி நான்கு இரும்புத் தாங்கிகளின் மேல், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தொங்கப்போட்டுக்கொண்ட ஆள்போல இருந்தது.

"சக்கரத்தை மாட்டி இறக்கிடலாம்கா. ஆனா முகப்பு சரிவா இருக்கே. பிரேக் பிடிக்குமா?"

"பிடிக்காது" என்றாள். "பின்னாடி ரெண்டுதான் முடிஞ்சிருக்கு. முன்னாடி ரெண்டும் ஏர் எடுக்கணும்."

கொழுந்தன் அவளைப் பார்த்தார்.

"அதை யாரு எடுக்கிறது இப்ப?"

"நான் எடுக்கிறேன்."

"அண்ணி, இன்னைக்கா?"

"ஒரு மணி நேர வேலை. கயித்தைக் கட்டி இறக்கி, கை நழுவிப் போய் எதிர் வீட்டுக் கேட்டுல நின்னா, அதுக்கு வேற ஒரு மணி நேரம் பதில் சொல்லணும்."

அது நியாயமான பேச்சுதான். அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்காக மட்டும் அவள் அப்படிச் சொல்லவில்லை. இடது முன் சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில், பிரேக் டிரம்முக்குப் பின்னால், சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு திருகு இருக்கிறது. அது திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? ராத்திரி முழுக்கக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் யோசித்தது அது ஒன்றைத்தான். எழுந்துபோய்ப் பார்த்திருக்கலாம். பத்தடி தூரம். போகவில்லை.

"நேத்து நீங்க இங்க எதையாவது தொட்டீங்களா?" என்று கேட்டாள்.

"நானா? கிரீஸைப் பாத்தாலே எனக்குத் தும்மல் வரும். அண்ணனைத் தூக்கினதோட சரி. சாமான் எல்லாம் அப்படி அப்படியே கிடக்கு."

*

நேற்றும் இதே நேரம்தான்.

பிரேக் குழாயில் காற்று புகுந்துவிட்டால், பெடல் பஞ்சு மிதிப்பது போல இருக்கும். அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பெடலை நாலைந்து தடவை அமுக்கி, கடைசியில் அமுக்கியபடி பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் சக்கரத்தண்டை உட்கார்ந்து அந்தத் திருகைத் திறப்பார். காற்றும் ஆயிலும் குமிழ்விட்டுக்கொண்டு வெளியே வரும், பெடல் தரையைத் தொடும். திருகை மூடிவிட்டு, கீழே இருப்பவர் 'விடு' என்பார். அதற்கு முன்னால் காலை எடுத்துவிட்டால், போன காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும். அவ்வளவுதான் விஷயம். அமுக்கு, பிடி, விடு. மூன்று சொல். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் அவர்கள் சேர்ந்து செய்த வேலைகளில் இதுதான் அதிகப் பேச்சுள்ள வேலை என்று அவள் சில சமயம் நினைத்துக்கொள்வாள்.

அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். நாளெல்லாம் நூலிழை அளவுகளோடு இருந்துவிட்டு, மூடிப்போன ஒரு கல்குவாரியிலிருந்து பழைய இரும்பு என்று விற்ற ஜீப்பை வாங்கி வந்தார். வந்தபோது அதன் தரைத்தகட்டு ஓட்டை வழியே முகப்பின் சிமெண்ட் தரை தெரிந்தது. தகடு வெட்டி, பற்றவைத்து, துரு சுரண்டி, செவ்வண்ணம் பூசி, மலையேறும் வண்டி என்று பெயர் பெற்ற அது, ஒன்பது வருடத்தில் ரொட்டிக் கடை வரைக்கும் நாலு தடவை போய்வந்தது. அவர்கள் இருவரையும்விட வயதில் மூத்தது என்பதால் வீட்டில் அதற்குப் 'பெரியவர்' என்று பெயர். 'பெரியவருக்கு இன்னைக்கு என்ன?' என்றுதான் மகள் போனில் கேட்பாள். இவள் மருந்தகத்தில் வேலை பார்ப்பவள் ஆதலால் காலி மாத்திரைக் குப்பிகள் கொண்டுவந்து கொடுப்பாள். அவர் அதில் போல்ட், வாஷர் எல்லாம் பிரித்துப் போட்டு வைப்பார். 'உணவுக்குப் பின், இரு வேளை' என்று இவள் கையெழுத்தில் ஒட்டியிருந்த குப்பியில் கால் அங்குல நட்டுகள் இருந்தன.

பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் மகள்தான் பெடல் பிடிப்பாள். பிடித்த மறுநொடியே, "விடவாப்பா? விடவா?" என்று நச்சரிப்பாள். அவர் சிரித்துக்கொண்டே, "இருடி, இரு" என்பார். மகள் மேற்படிப்புக்கு வெளியூர் போனதும் அந்த இருக்கை இவளுக்கு வந்தது. போன வருடம் ஒரு நாள் இவளும் கேட்டாள், விடலாமா என்று. "நான் சொல்றப்ப விட்டாப் போதும். நடுவுல கேக்காத" என்றார். குரல்கூட உயரவில்லை. ஆனால் அன்றிலிருந்து கேட்பதில்லை என்று அவள் வைத்துக்கொண்டாள். அது கோபம் இல்லை; கோபத்தைக் காயவைத்து டப்பாவில் எடுத்துவைத்தது போன்ற ஒன்று. அவருக்கு அது தெரியுமா என்பது தெரியாது.

நேற்று பின்சக்கரங்கள் இரண்டும் முடிந்து இடது முன் சக்கரத்துக்கு வந்தார். அவர் பலகையில் தாழ உட்கார்ந்தால், ஓட்டுநர் இருக்கையிலிருந்து பானெட்டும் மட்கார்டும் மட்டும்தான் தெரியும். ஆளின் தலை தெரியாது.

"அமுக்கு."

அமுக்கினாள்.

"பிடி."

பிடித்தாள். பெடல் மெல்லத் தரையில் இறங்கியது. வீட்டுக்குள் வாஷிங் மெஷின் கடைசி அலசலுக்குத் தண்ணீர் இழுக்கத் தொடங்கியது.

விடு என்று வரவில்லை.

குழாயில் குமிழ் வருகிறதோ என்னவோ, பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாள். பிறகு, வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்தாள். கணுக்கால் வலித்தது. யார் முதலில் வாயைத் திறப்பது என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதில் சின்னதாக ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அதுதான் இப்போது அவளால் எங்கேயும் வைக்க முடியாத பொருளாகக் கையில் இருக்கிறது. தண்ணீர் இறங்கியது. மெஷின் சுழன்று, வீட்டை விட்டே கிளம்பிவிடப்போவது போல அதிர்ந்து, வேகம் குறைந்து, நின்று, ஐந்து தடவை கூவியது.

கடைசி அலசலும் சுழற்சியும் சேர்ந்து பதினொரு நிமிடம். மெஷினின் முகப்பிலேயே எண் போட்டிருக்கும்.

கால் மரத்துப்போய்த்தான் இறங்கினாள். கோபமாக ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. அவர் சுவரில் சாய்ந்து, தொப்பி கண்ணுக்கு இறங்கி, சற்று ஓய்வெடுக்கிறவர் போல இருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "மயங்கி எவ்வளவு நேரம் இருக்கும்?" என்று கேட்டார்.

"ரெண்டு நிமிஷம்" என்றாள்.

நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை ஒரு நாளைக்கு இருபது பேருக்கு எடுத்துக் கொடுக்கிற கை அவளுடையது. எவ்வளவு சீக்கிரம் வைக்க வேண்டும் என்று அத்தனை பேருக்கும் சொல்லித்தான் கொடுப்பாள். அன்று அந்த மாத்திரை இருந்த அவளுடைய கைப்பை ஹாலில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

*

மகள் அதிகாலை பஸ்ஸில் வந்தவள். அழுது முடித்து முகம் கழுவி, என்ன செய்வது என்று தெரியாமல் வருகிறவர்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பெடல் பிடிக்கணும். ஞாபகம் இருக்கா?"

"சைக்கிளா இது, மறக்கிறதுக்கு?" என்றவள், "சைக்கிள்தான் மறக்காதும்பாங்க. நான் என்ன உளர்றேன்" என்றாள். இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். இரண்டு தடவை இழுத்துச் சாத்த வேண்டும் என்பது அவளுக்கு நினைவிருந்தது.

கொழுந்தனும் கண்டக்டரும் பின்சக்கரங்களை மாட்டத் தொடங்கினார்கள்.

"நட்டை எதிரெதிரா முடுக்கணும். வரிசையா முடுக்காதீங்க" என்று இவள் சொன்னாள்.

"கேட்டீங்களா சார்? எதிரெதிரா" என்றார் கண்டக்டர்.

"எனக்குக் காது நல்லாவே கேக்குது. நீர் அந்தப் பக்கம் ஒழுங்காப் பிடியும்."

அவள் ஜீப்பைச் சுற்றி வந்தாள். பலகை அங்கேயே இருந்தது. பக்கத்தில் விரித்த பழைய துண்டு. அதன் மேல் ஸ்பானர்கள் சிறியதிலிருந்து பெரியதாக. திருகில் மாட்டிய குழாயின் நுனி மூழ்கியிருந்த கண்ணாடி ஜாடியில் பழுப்பு நிற ஆயில் அரைக்கால் உயரத்துக்கு நின்றது.

துண்டில் இடைவெளி எதுவும் இல்லை. எட்டாம் நம்பர், பத்தாம் நம்பர், பன்னிரண்டாம் நம்பர். அந்தத் திருகுக்கு உரியது பத்து. அது துடைக்கப்பட்டு, அதன் இடத்தில் இருந்தது.

அதைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் பலகையில் உட்கார்ந்து, டிரம்முக்குப் பின்னால் கையை நுழைத்து, ஸ்பானரைத் திருகின் தலையில் பொருத்தி, மூடுகிற பக்கமாக மெல்ல அழுத்திப் பார்த்தாள்.

அசையவில்லை. இறுக்கமாக மூடியிருந்தது.

ராத்திரி முழுக்க அவள் வேண்டிக்கொண்டது அது திறந்திருக்க வேண்டும் என்றுதான். திறந்திருந்தால், பெடல் தரையைத் தொட்ட அந்த நொடியிலேயே முடிந்திருக்கும். யார் கேட்டிருந்தாலும் கேட்காவிட்டாலும் ஒன்றுதான். மூடியிருந்தது. மூடி, ஸ்பானரைத் துடைத்து, வரிசையில் வைக்கும் அளவுக்கு அவருக்கு நேரம் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு சொல் மட்டும் பாக்கி. அதைச் சொல்ல வரவில்லையா, சொல்ல முடியவில்லையா, வலியை அவளிடம் காட்டாமல் கொஞ்சம் பார்க்கலாம் என்று சுவரில் சாய்ந்தாரா? அவளைப் போலவே அவரும் எதையாவது காயவைத்து எடுத்துவைத்திருந்தாரா? திருகுக்கு அதெல்லாம் தெரியாது.

"அம்மா, ஆரம்பிக்கலாமா?" மேலேயிருந்து மகளின் குரல்.

"ம். அமுக்கு."

பெடல் நாலு தடவை முனகியது.

"பிடி."

"பிடிச்சிட்டேன்."

அவள் திருகைத் திறந்தாள். குழாயில் ஆயில் ஓடி, ஜாடியில் நாலைந்து குமிழ்கள் எழுந்து உடைந்தன. திருகை மூடினாள். ஸ்பானரைத் துண்டில் அதன் இடத்தில் வைத்தாள். கை தானாகவே அதைத் துடைத்துத்தான் வைத்தது.

அந்தப் பலகையிலிருந்து பார்த்தால் மட்கார்டின் உட்புறம் தெரிந்தது. யாரும் பார்க்கப்போகாத இடம். அங்கேயும் தூரிகைத் தடம் இல்லாமல் செவ்வண்ணம் பூசியிருந்தார். அதற்கு அப்பால் முகப்புக் கூரையின் ஒரு மூலை. ஓட்டுநர் இருக்கையில் இருப்பவரின் தலை இங்கிருந்தும் தெரியாது. இது இத்தனை நாளும் அவளுக்குத் தோன்றியதே இல்லை. அவருக்குத் தன்னைத் தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா? விடவா?"

இரண்டு மூச்சு ஆகியிருக்காது.

அவள் வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை.

"அம்மா? அம்மா, என்னாச்சு?"

மேலே கதவு டங்கென்று திறந்தது. மகள் குதித்து, மட்கார்டின் மேலாக எட்டிப் பார்த்தாள். முகம் வெளிறியிருந்தது.

"ஒண்ணுமில்ல. மூடிட்டேன். சொல்லத்தான் மறந்துட்டேன்."

"ரெண்டு செகண்ட் சத்தமில்லைன்னா பயமா இருக்குதும்மா, நீ வேற…" மகள் நிறுத்தினாள். ஜாடியைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "நேத்து நீதானே மேல இருந்த?"

"ஆமா."

"அப்பா இங்க இருந்தாரு."

"ஆமா."

"நீ கேக்கலையா, விடவான்னு?"

பின்பக்கம் கண்டக்டர், "இன்னும் ஒரு முடுக்கு, சார், இன்னும் ஒரு முடுக்கு" என்று சொல்வது கேட்டது.

"கேக்கலை" என்றாள். "மெஷின் நின்னு கூவுற வரைக்கும் நான் கேக்கலை."

மட்கார்டின் விளிம்பில் இருந்த மகளின் விரல்களைத்தான் இவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்தில் காப்பித்தூள் ஒட்டியிருந்தது. அந்த விரல்கள் சிறிது நேரம் அங்கே இருந்தன. பிறகு எடுபட்டன.

போய்விட்டாள் என்று நினைத்தாள். கதவு இரண்டு தடவை இழுத்துச் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"இன்னும் எத்தனை தடவை இந்தச் சக்கரத்துக்கு?"

"குமிழ் நிக்கிற வரைக்கும்."

"அமுக்கட்டா?"

"அமுக்கு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் திருகை மூடியதும் அவள் உடனே 'விடு' என்றாள். கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். எட்டுத் தடவை சொன்ன பிறகு குமிழ் நின்றது. வலது முன் சக்கரத்துக்கு ஐந்து போதுமாக இருந்தது.

*

இரண்டேகாலுக்கு ஜாக்கியை இறக்கித் தாங்கிகளை உருவினார்கள். பெரியவர் ஒன்றரை மாதத்துக்குப் பிறகு தரையில் கால் ஊன்றினார். கொழுந்தனின் வெள்ளைச் சட்டையில் கிரீஸ் கை ஒன்று முழுசாகப் பதிந்திருந்தது. அவர் ஒரு தடவையும் தும்மவில்லை.

"யாரு உள்ள உக்காருறது?" என்றார்.

"நான்தான்" என்றாள். "ஒரே மிதியில நிக்காது இது. ரெண்டு தடவை மிதிக்கணும். வேற யாருக்கும் தெரியாது."

ஹேண்ட் பிரேக் கம்பி கழற்றிய இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் இருக்கையில் உட்கார்ந்து, பெடலில் காலை வைத்து, இரண்டு தடவை மிதித்துப் பார்த்தாள். பெடல் பாதியில் கல்லாக நின்றது. அப்படி நிற்க வேண்டும் என்றுதான் அவர் ஒன்றரை மாதமாகப் பாடுபட்டார்.

எஞ்சின் போடவில்லை. ஆட்கள் முன்னாலிருந்து லேசாகத் தள்ளினார்கள். கண்டக்டர் ரோட்டில் நின்று, இரண்டு கையையும் ஆட்டி, "வரட்டும்… வரட்டும்… இடது பக்கம் ஒடிங்கக்கா… வரட்டும்" என்று கூவினார். இத்தனை வருடம் பஸ்ஸின் பின்னால் நின்று கூவிய குரல் இன்று சற்றே கரகரத்தது. ஜீப் பின்னோக்கிச் சரிவில் இறங்கியது. அவள் மிதித்தாள், விட்டாள், மிதித்தாள். சொன்ன இடத்தில் நின்றது.

ரோட்டோரம் நிறுத்தியபோது எதிரே ஆஸ்பத்திரி வண்டி திரும்பி வருவது தெரிந்தது. சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துவிட்டார்கள்.

"அக்கா, அப்படியே பிடிச்சுக்குங்க. நான் கல்லு எடுத்துட்டு வர்றேன்."

அவள் பிடித்துக்கொண்டாள்.

ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவள் ரோட்டிலிருந்து வீட்டின் வாசற்கதவை முழுசாகப் பார்த்தாள். கதவுக்கு அவர் பூசிய பச்சை வண்ணம் வெயில் படாததால் புதுசாகவே இருந்தது. முகப்பின் தரையில் ஜீப்பின் உருவத்துக்கு ஓர் எண்ணெய்க் கறை, அதன் ஓரத்தில் துண்டு விரித்தபடி. யாரோ அதைச் சுருட்டப் போனார்கள். மகள் கையை நீட்டித் தடுத்தாள்.

ஆறு பேர் பெட்டியை இறக்கினார்கள். அது அறுபது சென்டிமீட்டர்தான் இருந்தது. எதிலும் இடிக்காமல், யாரும் வயிற்றை உள்ளே இழுக்காமல், நேராக உள்ளே போனது. கொழுந்தன் பின்னால் போனார், கையில் டேப் இன்னும் இருந்தது. கண்டக்டர் கல்லைச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்து, காலால் உதைத்து இறுக்கிவிட்டு, "போதும்கா, வச்சாச்சு" என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் ஓடினார்.

அவள் பெடலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். கணுக்கால் வலிக்க ஆரம்பித்தது. ரோட்டில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போயிற்று.

மகள் வாசலிலிருந்து திரும்பி வந்தாள். ஜீப்பின் இடது பக்கமாக வந்து, முன் சக்கரத்தருகில் நின்றாள். இருக்கையிலிருந்து பார்க்க அவளுடைய தலையும் தோளும் நன்றாகத் தெரிந்தன. குனிந்து கல்லைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, கண்ணாடி வழியே அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"விடும்மா" என்றாள்.

அவள் காலை எடுத்தாள். பெடல் காலோடு கூடவே மெல்ல மேலே வந்தது. ஜீப் நகரவில்லை.